செம்மரக் குழலின் நிழல்

எங்கள் குடோன் தெருவில் மரம் இல்லாமல் நிழல் விழுந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிழலில் டீ குடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், டிரெய்லரை அதில் நிறுத்திப் பாய் விரித்துப் படுத்த டிரைவர்கள் இன்னும் இந்த வழியாக வந்துபோகிறார்கள், அந்த நிழலில் தொட்டிலில் கிடந்தவள் இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள், ஆகையால் இதில் நான் கூட்டிச் சொல்ல ஏதும் இல்லை. கூட்டிச் சொன்னால் தங்கபுஷ்பம் அக்கா டீ வடிகட்டியாலேயே தலையில் ஒன்று போடுவாள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற தெரு இது. மேற்கே வரிசையாகத் தகரக் கூரை போட்ட குடோன்கள், கிழக்கே கண்ணைக் கூசவைக்கும் உப்பளம், நடுவே நாங்கள். கன்டெய்னர் லாரி திரும்ப இடம் வேண்டும் என்று முன்பொரு காலம் இங்கே நின்ற வேம்பையும் பூவரசையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப்பிறகு தெருநாய்கள் லாரிக்கு அடியில்தான் படுத்தன. லாரி மெல்ல நகர்ந்தால் நாயும் எழுந்து நிழலைவிட்டு விலகாமல் கூடவே நடக்கும், லாரி வேகம் பிடித்ததும் நடுரோட்டில் நின்று, கடன் வாங்கியவன் ஓடிப்போனதைப் பார்க்கிறது மாதிரிப் பார்க்கும். எங்கள் தெருவில் மத்தியானம் என்றால் அதுதான் மத்தியானம்.

அந்தத் தெருவுக்கு ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில் உலகம்மாள் வந்து இறங்கினாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கையில் பச்சைத் துணி உறை போட்ட நீளமான ஒரு பொருளைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு, கப்பலுக்குச் சரக்கு அனுப்பித் தருகிற ஏஜென்ட் காஸ்பர் அண்ணனின் ஆபீஸ் எது என்று கேட்டாள். உறைக்குள் இருந்தது அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகத்தின் நாகசுரம்.

கோமதிநாயகம் அப்போது மொரிசியஸில் இருந்தார். அங்கே ஒரு மலையடிவாரத்து முருகன் கோயிலில் அவரை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போகும்போது விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி குழலைத் தூக்கி, கனம் பார்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டி, இது செம்மரம், அரசாங்கம் காவல் வைத்திருக்கிற மரம், பெர்மிட் இல்லாமல் கடல் தாண்டாது என்று சொல்லிவிட்டார். ஆள் பறந்தார், குழல் மனைவியோடு ஊருக்குத் திரும்பி வந்தது.

வேறு குழல் வாசிக்கலாமே என்று நாங்களும் கேட்டோம். வாசிக்க முடியாது. கோமதிநாயகத்துக்குச் சின்ன வயதில் கரும்புச்சாறு பிழிகிற மெஷினில் வலது மோதிர விரலின் நுனிக் கணு போய்விட்டது. விரல் போனவனுக்கு நாகசுரம் எதற்கு என்று எல்லோரும் சொன்னபோது, அவருடைய அப்பா வீட்டிலிருந்த செம்மரக் கட்டிலின் ஒரு காலைக் கழற்றிக்கொண்டுபோய்க் கடைசல்காரரிடம் கொடுத்து, அந்தக் குட்டை விரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு துளையைத் தள்ளிப் போட்டுக் குழலாக்கி வந்தார். அந்தக் கட்டில் இன்றைக்கும் மூன்று காலோடும் நாலு செங்கலோடும் நிற்கிறது. அந்தக் குழல் ஒன்றுதான் கோமதிநாயகத்தின் கைக்குப் பொருந்தும். அவர் கை ஒன்றுதான் அந்தக் குழலுக்குப் பொருந்தும். மொரிசியஸ் கோயிலில் கொடுத்த குழலை வாசித்துப் பார்த்துவிட்டு அவர் போனில் சொன்னார், "காத்து ஒழுகுது உலகு." தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம், அன்றைக்கு அவர் வாசிப்பு சரியாக இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு இவரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகக் கோயிலில் நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.

காஸ்பர் அண்ணனுக்கு மூன்று குரல் உண்டு. போனில் பேசினால் கப்பல் கேப்டன், லோடுமேன்களிடம் பேசினால் மீன் ஏலக்காரர், அழுகிற மாதிரி யாராவது வந்து உட்கார்ந்தால் பாவசங்கீர்த்தனம் கேட்கிற பங்குச்சாமியார். உலகம்மாளிடம் மூன்றாவது குரலில்தான் ஆரம்பித்தார்.

"எம்மா, நல்லாக் கேட்டுக்கோ. மரம் எங்க நின்னுச்சு, எப்ப வெட்டுனது, இப்ப அது என்னவா இருக்கு. இந்த மூணையும் வனத்துறை சார் வந்து பாத்து எழுதணும். அவரு எழுதுனா மேல போவும். மேல சரின்னா பெர்மிட்டு. பெர்மிட்டு வந்தா கஸ்டம்ஸு. கஸ்டம்ஸு விட்டா கப்பலு."

"அது எங்க மாமியா கட்டில் காலு அண்ணாச்சி."

"சரி. கட்டில் காலுக்கு முந்தி அது என்ன?"

"அதுக்கு முந்தி மரம்."

"அந்த மரத்தத்தாம்மா கேக்காவ."

உலகம்மாள் யோசித்தாள். கட்டில் மாமியாருக்குச் சீராக வந்தது; மாமியாரின் அப்பா அதை எங்கே செய்தார், யாருடைய மரம் அது என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. காஸ்பர் அண்ணன், முதலில் படம் எடுப்போம், எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் தெரியவேண்டும் என்று சொல்லி, ஆபீஸ் ஸ்டூலைத் தூக்கித் தெருவில் போட்டார். உலகம்மாள் உறையைக் கழற்றி, குழலை அதன் அகன்ற வாய் கீழே இருக்கும்படி ஸ்டூலின்மேல் நிறுத்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நிழலு விழுது."

அவள் தள்ளி நின்றாள்.

"இன்னும் தள்ளு."

"தள்ளித்தான நிக்கேன்."

காஸ்பர் அண்ணன் போனைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து புறப்பட்டு, தார் ரோட்டைக் கடந்து, குடோன் சுவரில் ஏறி, தகரக் கூரைமேல் படர்ந்து, கிளையும் கொப்புமாக, மும்மூன்று இலைகளாக, நடுவில் அப்பளம் மாதிரி வட்ட வட்டக் காய்களோடு ஒரு முழு மரத்தின் நிழல் எங்கள் தெருவில் விழுந்து கிடந்தது. கை நீளத்துக் குழலுக்கு அவ்வளவு நிழல். காற்று இல்லை, ஆனால் நிழலின் இலைகள் ஆடின. தங்கபுஷ்பம் அக்கா டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள், அடுப்பைக் குறைத்தாள், பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து நிழலுக்குள் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாடி," என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே வருகிறேன் என்று போனில் சொன்ன வனத்துறை அலுவலர், எங்கோ ஒரு வீட்டுக் கிணற்றில் மயில் விழுந்துவிட்டது என்று போய்விட்டார். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். பிறகு அதற்கடுத்த வாரம். உலகம்மாள் குழலை ஆபீஸில் வைத்துவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. தங்கபுஷ்பம் அக்கா தன் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். காலையில் வெயில் ஏறியதும் தெருவில் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்கள். "எக்கா, எடுத்து வைக்கியளா." கேட்டதைக் கொடுக்காமல் இருக்க உலகம்மாளுக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுக்காரர் இருந்தாலும் வைத்திருப்பார் என்று நினைத்தாள். ஸ்டூலில் குழல் ஏறும், தெருவில் நிழல் இறங்கும்.

இப்படியாக அந்த நிழல் எங்கள் தெருவின் வேலையாள்களில் ஒன்றாக ஆனது. காலையில் அது குடோன் பக்கம் சாயும், அப்போது டீ பெஞ்சும் குடோன் பக்கம் போகும், ஒருத்தி குடோன் கொக்கியில் கயிறு போட்டுத் தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவாள். உச்சியில் அது தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஸ்டூலைச் சுற்றி வட்டமாகக் கிடக்கும், அப்போது லோடுமேன்கள் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சாயங்காலம் அது உப்பளத்துக்குள் நீண்டு போகும், அப்போது உப்பு அள்ளுகிற பெண்கள் அதில் வந்து நின்று கண்ணைத் திறப்பார்கள், ஏனென்றால் பகல் முழுக்க அவர்கள் கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பார்கள். உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒருநாள் சைக்கிளில் வந்தார்.

"ஏவே, ஒங்க நிழலு விழுத பாத்தியில உப்பு பூக்க மாட்டங்கு."

"அது நம்ம நிழலு இல்ல அண்ணாச்சி, பெர்மிட்டுக்கு நிக்கி," என்றார் காஸ்பர் அண்ணன்.

"யாரு நிழலோ, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க."

ஸ்டூலை இரண்டடி வடக்கே தள்ளினோம். உப்பு பூத்தது. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

நிழலில் என்னென்ன இருந்தது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அணில்கள் இருந்தன. கிளைக்குக் கிளை பறவைகள் இருந்தன. கத்தினது கேட்கவில்லை, கழுத்தை நீட்டினது தெரிந்தது. மரத்தின் பக்கத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கிணற்றின் கமலை நின்றது, காலையிலும் மாலையிலும் இரண்டு மாடுகளின் நிழல் சரிவில் இறங்கும், பின்னுக்கு ஏறும், மறுபடி இறங்கும். மாட்டை மிதிக்கக் கூடாது என்று அந்த இடத்தில் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள், டிரெய்லர்கள்கூட. தங்கபுஷ்பம் அக்கா ஒரு சட்டியில் கழுநீர் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் சட்டியில் தண்ணீர் அப்படியே இருக்கும், ஆனால் மேலே மிதந்த தவிடு இருக்காது. தெருநாய்கள் மட்டும்தான் முதல் இரண்டு நாள் யோசித்தன. இந்த லாரி எப்போது கிளம்பும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, கிளம்பவே இல்லை என்றதும் நாலு காலையும் நீட்டிப் படுத்துவிட்டன.

லோடுமேன்களில் பலவேசம் என்று ஒருவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், பேசினால் மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக இறக்கிவைப்பார். போன சித்திரையில் சிமென்ட் மூட்டையோடு வெயிலில் மயங்கி விழுந்து பிழைத்தவர். அவர்தான் சோறு தின்றதும் நிழலின் அடிமரத்தில் தலைவைத்துப் படுப்பார். தூங்கி எழுந்ததும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் மஞ்சள் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தார்.

"தங்கச்சி, ஒரு சுத்து கட்டிக்கிடட்டா."

"அண்ணே, அது எங்க வீட்டுக்காரர் வாயில வைக்கது. மஞ்சத் தண்ணிய ஊத்திராதிய."

"ஊத்தல. கட்டுதேன்."

கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டூலின் அடியில் ஒரு கல் இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்குக் குங்குமம் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னச் சூலம் இருந்தது, மாதாகோயிலுக்குப் போகிற காஸ்பர் அண்ணனின் ஆபீஸ் வாசலில் பொங்கல் பானை பொங்கி வழிந்தது. நிழல் தந்த மரத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? நன்றி சொல்லத் தெரியாதவர்கள் கும்பிட்டுவிடுவார்கள்.

அந்தப் பானை பொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வனத்துறை அலுவலர் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர், மெல்லிய குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு மெத்தை போட்டுத்தான் உட்காரவைப்பார். தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, நிழலைப் பார்த்து, செருப்பைக் கழற்றி, நிழலைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். கல்லுக்கு முன்னால் திருநீறு எடுத்துக்கொண்டார். வாழையிலையில் கொடுத்த பொங்கலை முந்திரியை ஒதுக்காமல் தின்றார். கைகழுவிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். காஸ்பர் அண்ணன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அவருடைய மூன்று குரலும் ஒன்றாகக் கலந்து வந்தன.

"சார். 'வழிபாட்டில் உள்ள மரம்'னு எழுதிருக்கிய."

"ஆமாங்க."

"சார், அது கொழலு."

"குழலுந்தானுங்க. ஆனா நான் பார்த்ததத்தானுங்களே நான் எழுதோணும்? நிழல் விழுகுது. அணில் ஓடுது. ஊரே சேர்ந்து பொங்கல் வெக்குது. ஊர் கும்பிடற மரத்தக் குழல்னு எழுத எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க."

"அப்ப பெர்மிட்டு?"

"வாத்தியத்துக்குத்தானுங்க பெர்மிட். நிக்கற மரத்தக் கப்பல்ல ஏத்தறதுக்கு எந்தச் சட்டத்துலயும் வழி இல்லீங்க." உலகம்மாளைப் பார்த்து எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா. இது வாத்தியந்தான்னு நீங்க காட்டுனீங்கன்னா, நான் மறுபடி வர்றனுங்க."

ஜீப் போனது. உலகம்மாள் குழலிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்துப் பலவேசத்தின் கையில் வைத்தாள். உறையைப் போட்டாள். நிழல் தெருவைவிட்டு எழுந்தது. தார் ரோடு பழையபடி பளபளத்தது.

அன்று சாயங்காலம் கோமதிநாயகம் கூப்பிட்டார். உலகம்மாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், தங்கபுஷ்பம் அக்காவின் முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்தது, ஆகவே அவர் சொன்னதை நாங்களும் கேட்டோம். கோயிலில் இன்னொருவர் பெயர் பேசுகிறார்கள் என்றார். நேற்று ஒத்திகையில் மேல் சுரத்துக்குப் போகும்போது காற்று ஒழுகி, நல்லவேளை தவில்காரர் ஓங்கி அடித்து மூடிவிட்டார் என்றார். "விரலு இருக்கிற இடத்துல ஓட்ட இல்ல உலகு, ஓட்ட இருக்கிற இடத்துல விரலு இல்ல." பிறகு சிரித்தார். உலகம்மாள் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் குழலை எடுத்து வைக்கவில்லை. யாரும் வாசலில் வந்து தொண்டையைச் செருமவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மாடுகள் நடந்த இடத்தில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. மூன்றாவது நாள் உச்சிவெயிலில் அவளே வெளியே வந்து, பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு முன்னால் நின்றாள்.

"ஒங்கள நான் குத்தம் சொல்லல," என்றாள். "ஒங்களுக்கு நிழலு வேணும். வேணாம்னு எவன் சொல்லுவான். ஆனா நீங்க கும்பிடுதது ஒங்களுக்கு நிழலு. எனக்கு அது அவரு மூச்சு. அங்க அது இல்லாம அவரு ஒரு கோயில்ல, ஊர்ல உள்ளவன் முன்னால, காத்து ஒழுக நிக்காரு."

 பலவேசம் தன் முழங்கையில் சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினார்.

"தங்கச்சி. மரம் வெட்டுதவன் முந்தின நாளே போயி மரத்துட்டச் சொல்லணும். நாளைக்கு வெட்டப் போறேன், ஒம் மேல குடியிருக்க பச்சி, பாம்பு, தெய்வம், எல்லாம் வேற எடம் பாத்துக்கிடட்டும்னு. சொல்லி, உத்தரவு வாங்கி, பொறவுதான் கோடாலி. இந்த மரத்துட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா போயிருக்கும். கேக்காம வெட்டுனதுனாலதான் இன்னும் நிக்கி."

"இப்பக் கேட்டா?"

"இப்பக் கேட்டா, கேட்டுக்கிடும்."

"கேட்டுட்டா போயிரும்லா," என்றாள் தங்கபுஷ்பம் அக்கா.

"போயிரும்."

அந்த மத்தியானம் யாரும் அவசரப்படவில்லை. உப்பளத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்று, என்ன விஷயம் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, தலைச்சும்மாட்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு டிரைவர், கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி, தைப்பூசம் அடுத்த வருஷமும் வரும்தானே என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் பார்த்த பார்வையில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தொட்டில் கட்டியிருந்தவள், தன் பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, குடோன் கொக்கியிலிருந்த கயிற்றை முதல் ஆளாக அவிழ்த்தாள். தங்கபுஷ்பம் அக்கா எழுந்தாள். "பாலு இருக்கு," என்றாள். "எடுத்து வை உலகு. கேப்போம்."

குழல் ஸ்டூலில் ஏறியது. நிழல், மூன்று நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்காமல், வந்து விழுந்தது. பலவேசம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கல்லையும் சூலத்தையும் எடுத்து ஓரமாக வைத்தார். நிழலின் அடிமரத்தில் ஒரு செம்பு பாலை ஊற்றினார். தார் ரோடு அதைக் குடித்தது. நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம், காஸ்பர் அண்ணனும், சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. பலவேசம் தரையைப் பார்த்துப் பேசினார்.

"அய்யா. ஒன்ன வெட்டுனவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. அவன் கேட்டானா, கேக்கலையா, அதும் தெரியாது. நாங்க கேக்கோம். ஒங் கொப்புல இருக்கது எல்லாம் வேற கொப்பு பாத்துக்கிடட்டும். ஒங் கால்ல கட்டுன மாடு வேற தொழுவம் பாத்துக்கிடட்டும். எங்களுக்கு நீ தந்தது போதும். போதும்னு சொல்ல மனசு வரல, ஆனாலும் போதும். நீ கொழலாப் போ. கடலு தாண்டி, வேண்டிய எடத்துக்குப் போ. எங்களுக்கு உத்தரவு குடு."

காத்திருந்தோம். சாயங்காலம் நிழல் உப்பளத்துக்குள் நீண்டபோது முதல் பறவை எழும்பியது. தரையில் அதன் நிழல் உப்புப் பாத்திகளைக் கடந்து கடலைப் பார்த்துப் போனது. பிறகு இரண்டு, பிறகு கொத்துக்கொத்தாக, சத்தமே இல்லாமல். அணில்கள் அடிமரம் வழியாக இறங்கி எங்கள் கால்களுக்கு இடையில் ஓடின. கமலை மாடுகளை யாரோ அவிழ்த்தார்கள். அவிழ்த்த ஆளின் நிழலும் தெரிந்தது, தலைப்பாகையோடு, மாட்டை முதுகில் தட்டினார். அந்த மூன்று நிழல்களும் எங்கள் தெருவின் ஓரமாக நடந்து, தங்கபுஷ்பம் அக்காவின் சட்டியருகே ஒரு நிமிஷம் நின்று, போயின. இலைகள் மட்டும் மிஞ்சின. அவை ஆடவில்லை.

காஸ்பர் அண்ணன் வனத்துறைக்குப் போன் பண்ணினார், முதன்முதலாக அவருடைய சொந்தக் குரலில். நான்காவதாக ஒன்று அவரிடம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சென்னியப்பன் மறுநாள் காலை வந்தார். பொங்கல் இல்லை, கல் இல்லை. உலகம்மாள் நாணலில் செய்த சீவாளியை வாயில் நனைத்துக் குழலின் நுனியில் பொருத்தினாள். வீட்டுக்காரருக்காகச் சீவாளி பதமாக இருக்கிறதா என்று ஊதிப்பார்த்த பழக்கம் தவிர அவளுக்கு வேறு வாசிப்பு தெரியாது. குழலை ஸ்டூலிலேயே நிறுத்தி, குனிந்து, துளைகளை மூடி ஊதினாள்.

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு சுரம் வந்தது, ஓரம் உடைந்து, கன்று தாயைக் கூப்பிடுகிற மாதிரி.

நிழலில் ஆட்கள் வந்தார்கள். தலைப்பாகை கட்டிய நாலு பேர். ஒருவர் தோளில் கோடாலி. பக்கத்தில் மொட்டைவண்டி ஒன்று நின்றது. கோடாலி ஓங்கி இறங்கியது, சத்தம் இல்லை, உலகம்மாளின் அந்த ஒரே சுரம் மட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் எங்கள் உள்ளங்கால் அதிர்ந்தது. மரம் சாய்ந்தபோது பலவேசம், "வெலகு, வெலகு," என்று கையை விரித்து எல்லோரையும் பின்னால் தள்ளினார். தெரு முழுக்க நீளமாக அது விழுந்தது. டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதின. காற்று ஒன்று எங்கள் முகத்தில் அடித்து, பச்சை மரம் பிளந்த வாசனையைக் கொண்டுவந்து, போனது. உலகம்மாளுக்கு மூச்சு முடிந்தது. ஸ்டூலில் ஒரு நாகசுரம் நின்றது. தரையில் ஒரு நாகசுரத்தின் நிழல் விழுந்தது, கை நீளத்துக்கு.

சென்னியப்பன் மரம் விழுந்த நீளத்துக்கு ஒரு நடை நடந்து வந்தார்.

"கமலைக் கெணறு. மொட்டைவண்டி. தலப்பாக்கட்டு," என்றார் மெல்ல. "தோட்டத்து மரமுங்க. இந்தச் சட்டமெல்லாம் பொறக்கறதுக்கு முந்தியே விழுந்த மரம். அத நான் எழுதிக்கறேனுங்க. ஆனா சுரம் சேரலீங்களேம்மா."

"சேராதுய்யா," என்றாள் உலகம்மாள். "அந்த ஓட்டைக்கு உண்டான விரலு கடலுக்கு அந்தாண்ட இருக்கு."

அவர் குனிந்து தன் மோதிர விரலை அந்தத் துளையில் வைத்துப் பார்த்தார். விரல் துளையைத் தாண்டிப் போனது. காஸ்பர் அண்ணன் வைத்துப் பார்த்தார். பலவேசம் கையைத் துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தார். தங்கபுஷ்பம் அக்காவும் வைத்துப் பார்த்தாள். யாருக்கும் பொருந்தவில்லை. சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் அவர் காகிதத்தின்மேல் நேராக அடித்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எழுதினார்: இசைக்கருவி, நாகசுரம், ஒன்று, விற்பனைக்கு உதவாது, ஒரே ஒருவரின் கைக்கு மட்டும் உரியது.

மேலே போனது, சரி என்று வந்தது, கஸ்டம்ஸ் முடிந்தது. மார்கழிப் பனியில் ஒரு காலையில் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் குழலை வைத்து ஆணி அடித்தார்கள். கொழும்பு போய், அங்கிருந்து மொரிசியஸ் போகிற கன்டெய்னரில் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்து ஏற்றியவர் பலவேசம்தான். இறக்கிவைத்த பிறகும் தோளைச் சாய்த்தே நின்றார். உலகம்மாள் சங்கரன்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தங்கபுஷ்பம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போ, போ, பஸ்ஸு போயிரும்," என்றாள் அக்கா.

தெரு பழைய தெரு ஆனது, ஒன்று தவிர. காலையில் டீ பெஞ்சு குடோன் பக்கம் கிடக்கும். உச்சிக்கு நடுவில் வரும். சாயங்காலம் உப்பளத்தைப் பார்த்து நகரும். எல்லா இடத்திலும் வெயில்தான். புதிதாக வருகிற டிரைவர்கள், ஏன் இந்தப் பெஞ்சு ஒரு இடத்தில் கிடக்கமாட்டேன் என்கிறது என்று கேட்பார்கள். "நிழலுக்கு," என்று தங்கபுஷ்பம் அக்கா சொல்வாள். அவர்கள் மேலே பார்ப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துகொள்வார்கள்.

தைப்பூசத்தன்று மத்தியானம் தங்கபுஷ்பம் அக்காவின் போன் அடித்தது. உலகம்மாள். "எக்கா, அவரு வாசிக்காரு, அங்கேருந்து ஒருத்தரு போனப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு, நானும் கேக்கேன், நீங்களும் கேளுங்க," என்றாள். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு போனைப் பெஞ்சின்மேல் வைத்தாள். முதலில் தவில், கூட்டத்தின் அரோகரா, காற்று. பிறகு அது வந்தது. எங்கள் தெருவில் ஓரம் உடைந்து நின்ற அதே சுரம், உடைந்த இடத்தில் இப்போது ஒரு விரல் இருந்தது. அங்கிருந்து ஏறி, மேலே மேலே போய், ஒரு சொட்டுக் காற்றுகூட ஒழுகாமல் நின்றது. போனுக்குள் எங்கோ உலகம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் தரையில் அதைப் பார்த்தோம். ஒரு பறவையின் நிழல். மேலே வானத்தில் ஒன்றும் இல்லை. நிழல் மட்டும் தார் ரோட்டில் வட்டமடித்தது, ஸ்டூல் இருந்த இடத்துக்கு மேலே வந்து தாழ்ந்தது, உட்கார எதுவும் இல்லாமல் மறுபடி எழும்பிச் சுற்றியது. பாட்டு எங்கேயோ கேட்கிறது, மரத்தைக் காணோம் என்று தேடுகிறது போல.

பலவேசம் எழுந்தார். வெயிலுக்குள் நடந்துபோய் நின்று வலதுகையைப் பக்கவாட்டில் நீட்டினார். அவர் கையின் நிழல் ரோட்டில் நீளமாகக் கிடந்தது, முழங்கையில் மஞ்சள் துணியின் முடிச்சு ஒரு கணுவைப் போல. பறவையின் நிழல் வந்து அதில் உட்கார்ந்தது. சிறகை மடக்கியது.

இன்னொன்று வந்தது. தங்கபுஷ்பம் அக்கா வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினாள். காஸ்பர் அண்ணன் போனார். தொட்டில்காரி இடுப்பில் பிள்ளையோடு போனாள். உப்பளத்திலிருந்து பெண்கள் வந்தார்கள், உப்பு காய்ந்த கைகளைத் தூக்கிக்கொண்டு. நாங்கள் எல்லோரும் போனோம். கை வலித்தது, யாரும் இறக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகம் வாசித்து முடிக்கிறவரை எங்கள் தெருவில் ஒரு மரத்தின் நிழல் இருந்தது.